கொங்கு நாட்டு வீட்டுத் தோட்டத்துக்குத் தனி அட்டவணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம் பற்றி வெளிவந்த மாத அட்டவணையைப் படித்தேன். எந்த மாதத்தில் எந்தக் காயை விதைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே பட்டியலில் அடக்கியிருந்தீர்கள். முயற்சி நல்லதே. ஆயினும் அது கடற்கரை மாவட்டங்களின் மழையையும் வெயிலையும் மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டதாகத் தெரிகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் புதிதாக எதையும் நட வேண்டாம், மழை ஓய்ந்து தை பிறந்தபின் தொடங்குங்கள் என்று அதில் கண்ட அறிவுரையைக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கத்து வாசகர்கள் அப்படியே பின்பற்றினால், ஆண்டிலேயே செடிகளுக்கு மிகவும் உகந்த நான்கு மாதங்களை வெறும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு கழிக்க நேரிடும். அதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கொங்கு நாட்டின் தட்பவெப்பம் மிதமானது என்பதில் ஐயமில்லை. கோயம்புத்தூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கோடையின் உச்சத்திலும் பகல் வெப்பம் வேலூர், திருச்சி அளவுக்கு ஏறுவதில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 18, 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதும் உண்டு. (கிழக்கே போகப் போக இந்த மிதம் குறைகிறது, கரூர் பரமத்தி கோடையில் மாநிலத்தின் வெப்பம் மிகுந்த இடங்களுள் ஒன்றாக நாள்தோறும் செய்திகளில் அடிபடுவதை வாசகர்கள் அறிவர்.) ஆனால் இந்த மிதமான வானிலைக்குள்ளும் இரண்டு கடுமைகள் இருக்கின்றன. ஒன்று காற்று, மற்றொன்று நீர். இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாத எந்த அட்டவணையும் இங்குள்ள வீட்டுத் தோட்டத்துக்குப் பயன்படாது.

முதலில் காற்றைச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியாக, வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேல்காற்று எனப்படும் மேற்குக் காற்று ஓயாமல் வீசுகிறது. தென்மேற்குப் பருவமழையை மலை தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டு, நமக்குக் காற்றையும் அவ்வப்போது தூறலையும் மட்டுமே அனுப்புகிறது. வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, அம்மலைக்குக் கீழே கோவையில் ஆண்டு முழுவதற்கும் சுமார் 700 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது என்பதும், அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையின் பங்கு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சென்னையின் ஆண்டு மழை இதைப் போல் இரு மடங்கு. அங்கே ஐப்பசி மழையில் நாற்று அழுகும் என்று அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. இங்கே அதே மழைதான் செடியை வாழ வைக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் முதுமொழியை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதையும் அதே முன்னோர்தாம் சொல்லி வைத்தார்கள். வீட்டுத் தோட்டம் போடுவோர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் இராப்பகலாகச் சுழலும் அந்த நாள்களில், இரண்டாம் தளத்து மொட்டை மாடியில் நான்கு இலை விட்ட கத்தரி நாற்றை நட்டால், வேர் உறிஞ்சித் தருவதற்கு முன்பே இலையிலிருந்து ஈரம் பறந்துவிடும். காலையில் நீர் ஊற்றினாலும் நண்பகலில் துவளும். தண்டு ஆடி ஆடி வேரின் கழுத்துப் பகுதியில் மண் விலகும். பூ வந்தாலும் நிற்காது. நாற்று செத்ததற்கு விதையையும் மண்ணையும் பழிப்பவர்கள் பலர். பெரும்பாலும் இரண்டின் மீதும் குற்றம் இருப்பதில்லை.

ஆகவே ஆடியில் விதைப்பது வேறு, ஆடியில் நடுவது வேறு என்று இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் மானாவாரிச் சோளத்தைப் புரட்டாசியில் விதைப்பதே வழக்கம். காட்டுக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு மாடிக்கும் பொருந்தும். ஆனி மாதத்தைத் தொட்டிகளைத் தயார் செய்யவும் காற்றுக்கு மறைப்புக் கட்டவும் ஒதுக்கலாம். மேற்கிலும் தென்மேற்கிலும் பச்சை நிழல்வலையைச் சுவர் போல நிமிர்த்திக் கட்டினால் போதும். தகரத்தையோ பலகையையோ வைத்து முழுவதும் அடைத்துவிடக் கூடாது. அடைத்த மறைப்பின் மீது மோதும் காற்று அதைத் தாண்டிக் குதித்து, உள்பக்கத்தில் சுழன்று அடிக்கும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வலையே நல்லது. தரையில் தோட்டம் வைத்திருப்போருக்கு நம் முன்னோரின் கிளுவை வேலியே வழிகாட்டி. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் அந்த வேலி ஆடு மாடுகளைத் தடுப்பதோடு காற்றையும் சல்லடையிட்டு அனுப்புகிறது. இடமில்லாதவர்கள் மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளத்தையோ அகத்தியையோ ஆனியிலேயே விதைத்துவிட்டால், ஆவணிக்குள் அது ஆளுயரம் வளர்ந்து நிற்கும்.

மறைப்புக்குள் ஆடி நடுவில் குழித்தட்டுகளில் மிளகாயையும் கத்தரியையும் விதைக்கலாம். மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாளும், கத்தரிக்கு 30 முதல் 35 நாளும், தக்காளிக்கு 25 நாளும் வேண்டும். எனவே தக்காளி விதையை ஆவணியில் போட்டால், காற்று தணிந்து புரட்டாசி பிறக்கும்போது மூன்றும் ஒருசேர நடவுக்கு வரும். தக்காளியை இப்படித் தள்ளிப் போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரவு வெப்பம் கூடுதலாக இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். 15 முதல் 20 டிகிரி வரையுள்ள இரவுகளில்தான் காய் நன்றாகப் பிடிக்கும். கொங்கு நாட்டில் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள இரவுகள் ஏறத்தாழ அப்படிப்பட்டவை. கிணத்துக்கடவுச் சந்தைக்கு வரும் தக்காளியின் விலை ஏறும்போதெல்லாம் வீட்டிலேயே வளர்க்கலாம் என்று பலருக்குத் தோன்றுகிறது. விலை ஏறும் நாளைப் பார்த்து விதைக்காமல், இரவு குளிரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பவருக்கே காய் கிடைக்கும்.

வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றை நாற்று விடாமல் நேரடியாக விதைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கீரைக்குப் பட்டம் பெரிதில்லை. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கொத்தமல்லிக்கு மட்டும் குளிர் வேண்டும். அதைப் புரட்டாசிக்குப் பிறகு, விதையை இரண்டாக உடைத்து விதைத்தால் இலை விரிந்து வரும். சித்திரையில் விதைத்தால் இலை தருவதற்கு முன்பே பூத்துவிடும்.

அவரையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் ஆடிப்பட்டத்தின் அறிவை முழுவதும் உள்ளடக்கிய பயிர் அதுதான். பந்தலில் ஏறும் நாட்டு அவரையும் மொச்சையும் பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும். சித்திரையில் விதைத்தாலும் வைகாசியில் விதைத்தாலும் கொடி இலையாகப் படர்ந்து பந்தலை மூடுமே அன்றி, ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கும் வரை பூவெடுக்காது. மாறாகப் புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் அதே கார்த்திகையில் பூக்கும். ஆனால் அதற்குள் கொடி வளர்ந்திராது, காயும் கைப்பிடி அளவே தேறும். ஆடியில் விதைத்தால் மூன்று மாதம் வளர்ந்து, பூக்க வேண்டிய நாளில் பந்தல் நிறைந்த கொடியாக நிற்கும்; தைப் பொங்கலுக்கு வீட்டு அவரையும் மொச்சையும் குழம்புக்குக் கிடைக்கும். காற்று மிகுந்த மாதமாயிற்றே என்று கேட்கலாம். அவரையை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதில்லை. விதைத்த இடத்திலேயே ஆழ வேர் பாய்ச்சிக்கொள்ளும் செடியைக் காற்று அவ்வளவு எளிதில் அசைப்பதில்லை. நாள் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை வகைகள் இப்போது கிடைக்கின்றன. தொட்டி வைத்திருப்போர் அவற்றை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். அட்டவணையில் அவரை என்று ஒரே சொல்லாகப் போட்டுவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இதே நியதிதான் செவ்வந்திக்கும். ஆனியில் பதியம் போட்ட செவ்வந்தி கார்த்திகையில் மொட்டு விடவில்லை என்றால், இரவில் அதன் மீது தெருவிளக்கின் ஒளி விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விளக்கொளியைச் செடி பகலாகவே எடுத்துக்கொள்கிறது. தொட்டியை நகர்த்தி வைத்தாலே போதும். உரம் வாங்கத் தேவையில்லை.

புரட்டாசிப் பாதியிலிருந்து தை வரை நமக்குப் பொற்காலம். முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றை மலைக் காய்கறிகள் என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் சமவெளியிலேயே பீட்ரூட் விளைகிறது. சமவெளிக்கேற்ற வகையாகத் தேர்ந்தெடுத்துப் புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசியில் நட்டால், தை மாதத்தில் வீட்டிலேயே காலிஃபிளவர் எடுக்கலாம். முள்ளங்கி 45 நாளில் முடிந்துவிடும் என்பதால் மாதம் ஒரு தொட்டியாக விதைத்து வரலாம். உதகையில் விளையும் கேரட்டின் பருமனை மட்டும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் குளிர் மாதங்களில் பலரும் கவனிக்கத் தவறுவது சூரியனின் போக்கு. நாம் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். ஆனியில் சூரியன் நண்பகலில் நம் தலைக்குச் சற்று வடக்கே செல்கிறது. மார்கழியிலோ தெற்கே 34 டிகிரி அளவுக்குச் சாய்ந்து செல்கிறது. அதனால் மார்கழி நண்பகலில் 10 அடி உயரச் சுவரின் நிழல் வடக்கே ஏறத்தாழ 7 அடி விழும். வீட்டின் வடபுறத்துக் கொல்லையில் ஆனி, ஆடியில் வெயில் நன்றாக விழுகிறதே என்று தொட்டிகளை வரிசையாக அடுக்கியவர்கள், மிகச் சிறந்த பருவத்தில் அவை நிழலில் கிடப்பதைக் காண்பார்கள். புரட்டாசி நடவுக்குத் தெற்கும் கிழக்கும் திறந்த இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். வடபுறத்தை இஞ்சிக்கும் கீரைக்கும் விட்டுவிடலாம்.

இனி நீர். கோவை மாநகரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கும், சூலூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளுக்கும் ஒரே தோட்டக் குறிப்பைக் கொடுக்க முடியாது. ஆயிரம் அடி துளைத்து எடுக்கும் நீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீராகவே இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சுப் படிவதும், இலையின் ஓரம் கருகுவதும், விதை ஊன்றிய மண்ணின் மேல்பகுதி ஏடு கட்டுவதும் அதன் அடையாளங்கள். இத்தகைய நீரில் பீன்ஸ், கேரட், சின்ன வெங்காயம் ஆகியவை சீக்கிரம் வாடும். பீட்ரூட் நன்றாகவே தாங்கும். கத்தரியும் தக்காளியும் இடைப்பட்டவை. நீர் அப்படி என்று தெரிந்தால் அதற்கேற்பச் செடியைத் தேர்வு செய்வதே அறிவுடைமை. தினமும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பது உப்பை வேருக்கு அருகிலேயே தங்க வைக்கும். அதைவிட இடைவெளி விட்டு, தொட்டியின் அடித் துளையிலிருந்து வெளியேறும் வரை நிறைய ஊற்றுவது மேல். வெளியேறும் நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு போகும். மண்ணின் மேல் நிலக்கடலைத் தோலையோ கரும்புச் சோகையையோ காய்ந்த சருகையோ இரண்டு அங்குலம் பரப்பினால், ஆவியாவதும் உப்பு மேலேறுவதும் குறையும்.

எல்லாவற்றையும்விட, ஐப்பசி மழையைப் பிடித்து வைப்பதே உப்புக்கு மருந்து. 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டபோது வீடுதோறும் குழாய் பதித்தோம். அவற்றுள் எத்தனை இன்று அடைபட்டுக் கிடக்கின்றன என்பதை அவரவர் வீட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,800 லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் டிரம்களை வைத்து அதில் ஒரு பங்கைச் சேமித்தாலும் குழித்தட்டு நாற்றுகளுக்கு மாதக் கணக்கில் போதும்.

கறிவேப்பிலை பற்றி வாசகர்கள் ஓயாமல் கேட்கிறார்கள் என்பதைத் தங்கள் இணைப்பின் கேள்வி பதிலிலிருந்தே அறிகிறேன். காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரம் கறிவேப்பிலைக்குப் பெயர்பெற்றது; ஆயினும் கொங்கு நாட்டு வீடுகளில் பாதிச் செடிகள் மஞ்சளாகவே நிற்கின்றன. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. நம் மண்ணிலும் நீரிலும் சுண்ணாம்பு மிகுதி என்பதால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலை வேளையில் இலை மீது தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். பாட்டிமார் புளித்த மோரை ஊற்றியதும் வெறும் நம்பிக்கையன்று. மோரின் புளிப்பு, சுண்ணாம்பின் காரத்தன்மையைச் சற்றுத் தணிக்கிறது. மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை வளராமல் நிற்பது இயல்பு. அப்போது உரம் போட்டு அதை எழுப்ப முயல வேண்டாம்.

மண் கலவையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பொள்ளாச்சியும் காங்கேயமும் அருகிலிருப்பதால் தென்னை நார்க்கழிவு நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. மட்டையிலிருந்து பிரித்த பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்பும் மிகுதி. மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசியோ மக்க வைத்தோதான் அதைச் செம்மண்ணோடும் மக்கிய தொழு உரத்தோடும் கலக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வீட்டில் அலசாத நார்க்கழிவும் சேர்ந்தால் செடிக்கு இரட்டைத் துன்பம்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, கொங்கு நாடு நாட்டுக்கே பாடம் தந்த நிகழ்வொன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டு ஆண்டுகளில் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வீட்டு வாசல் செம்பருத்தியையும் வெள்ளையாக மூடிவிட்டது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களால் பெருக்கி விடப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய அக்குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழித்ததால்தான் பப்பாளி மீண்டது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னையில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயையும் இவ்வாறே என்கார்சியா என்னும் ஒட்டுண்ணி பல இடங்களில் தணிக்கிறது. தென்னைக்குக் கீழுள்ள கொய்யா, வாழை இலைகளில் கரும்பூஞ்சாணம் படர்ந்திருந்தால் நீர்த்த மைதாக் கஞ்சியைத் தெளித்துக் காயவிட்டால் அது ஏடாக உரிந்து விழும். வீட்டில் கடும் நஞ்சைத் தெளிப்பவர் ஈயைக் கொல்வதற்கு முன் அதன் எதிரியைக் கொல்கிறார். அடுத்த மாதம் ஈ மட்டும் திரும்பி வருகிறது.

கார்த்திகை, மார்கழியில் அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி மொய்க்கும். தளிரைக் கிள்ளி எறிந்து, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைச் சாறு இருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில்தான் வேப்பம்பழம் உதிர்கிறது என்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால், வேண்டும்போது 50 கிராம் கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசலைச் சேர்த்துத் தெளிக்கலாம். கொடுமுடி மருத்துவர் நடராசன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தையும் பலர் பயன்படுத்துகின்றனர்; லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

தை, மாசியில் இரண்டாவது பட்டம் வருகிறது. புடலை, பீர்க்கன், சுரை, பாகல் ஆகியவற்றை அப்போது ஊன்றலாம். மாடியில் வளர்ப்போர் பூ இருந்தும் பிஞ்சு பிடிக்கவில்லை என்று வருந்துவதற்குப் பெரும்பாலும் காரணம், வண்டு வராத உயரத்தில் கொடி இருப்பதுதான். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடலாம். ஆனால் நேரம் அறிந்து செய்ய வேண்டும். பாகலும் பரங்கியும் அதிகாலையில் மலரும்; சுரை, பீர்க்கன், புடலை ஆகியவை மாலையில் மலரும். காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தொட்டுப் பயனில்லை. பழ ஈ குத்தி உதிர்ந்த பிஞ்சுகளைத் தொட்டியிலேயே விட்டுவிடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

பங்குனி, சித்திரையில் புதிய நடவு எதையும் தொடங்காமல் இருப்பதை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். வெள்ளை ஈ பெருகும் காலம் அது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் பரவும். அப்போது தோட்டத்தில் இருக்க வேண்டியவை முருங்கையும் மல்லிகையும்தான். முருங்கைக்குப் பூக்கும் வேளையில் நீரை மிகுதியாகக் கட்டக் கூடாது. கட்டினால் பூ கொட்டிவிடும். மல்லிகையைக் கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்திருந்தால் பங்குனியில் மொட்டுக் கட்டும். கோடை மழை இரண்டு விழுந்ததும், வைகாசியில் ஒரு பெரிய பையில் விரலி மஞ்சள் இரண்டை ஊன்றி வைக்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளின் மண்ணில் வாழும் நாம், பொங்கல் பானையில் கட்டுவதற்கு மஞ்சள் கொத்தைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குவது எனக்கு எப்போதும் சற்று நாணமாகவே இருக்கிறது. வைகாசியில் ஊன்றியது தைக்குள் ஆளின் இடுப்பளவு வளர்ந்து, இலையோடும் கிழங்கோடும் கைக்கு வந்துவிடும்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த ஆனி பிறப்பதற்கு முன் வெளிவரும் இணைப்பில், கடற்கரை, காவிரிப் படுகை, தென்மாவட்டங்கள், கொங்கு நாடு என்று பகுதி பிரித்து நான்கு அட்டவணைகளை வெளியிடுங்கள். அவற்றை ஆங்கில மாதத்தில் அல்லாமல் தமிழ் மாதத்தில் அமையுங்கள். கொங்கு அட்டவணையில் விதைக்கும் நாளும் நடும் நாளும் தனித்தனிப் பத்திகளாக இருக்கட்டும்; எந்தச் செடி உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு ஒரு பத்தியும் சேருங்கள். கோவையில் நூற்றாண்டைக் கடந்து இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள வல்லுநர்களிடம் அதைச் சரிபார்த்து வாங்குவது தங்களுக்குக் கடினமன்று. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித் தோட்டத் தளைகள் என்னும் தொகுப்புகளும் விதைகளும் இப்பகுதிக்கு ஆடி முதல் வாரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் புரட்டாசி நடவுக்குப் பயன்படும் என்பதையும், தங்கள் தலையங்கத்தில் ஒரு வரியாக எழுதினால் உரியவர்களின் கவனத்துக்குப் போகும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.